நம் வேளாண் மன்றத்தை இணைக்கலாமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுடுங்கண்ணா" என்று செயலாளர் காதில் சொல்லித்தான் மேடைக்கு அனுப்பியிருக்கிறார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருஷமாக நம் மாணவர்கள் பழைய வேளாண் மன்றத்தைத் திரும்ப நடத்தி வருகிறார்கள். அதை நாட்டு நலப்பணித் திட்டத்தோடு, அதாவது நாமெல்லாம் என்.எஸ்.எஸ். என்று சொல்கிறோமே அதோடு, இணைக்க விரும்புகிறார்கள். இணைப்பதற்கு முன் முன்னாள் மாணவர் சங்கத்தின் கருத்தையும் உதவியையும் கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். நம் செயற்குழுவில் பாதிப் பேர் சரி என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். "நீங்க 1989-ல் மன்றச் செயலாளரா இருந்தவர், நீங்க பேசுங்க" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூப்பிட்டவர்களுக்கு 1989-இல் நான் செய்த காரியம் தெரியாது. அதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை.

நாங்கள் படித்த காலத்தில் இந்த ஊரில் இரண்டு வகைக் குடும்பங்கள் இருந்தன. தோட்டத்தை விற்றுப் பனியன் கம்பெனி போட்ட குடும்பம் ஒன்று. தோட்டத்தை வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போன குடும்பம் இன்னொன்று. என் வகுப்பில் இரண்டு வகையும் உண்டு. ஆனால் எல்லார் வீட்டிலும் அப்பாரோ அப்புச்சியோ ஏர் பிடித்தவர்கள்தான். கலைக்கல்லூரியில் வேளாண் மன்றம் எதற்கு என்று அப்போதே பலர் கேட்டார்கள். விட்டுப்போன தொழிலை மறந்துவிடக் கூடாது என்று இருபத்திரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்தோம், அவ்வளவுதான்.

விடுதிக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலம் கொடுத்தார்கள். 1987 மழைக்கு மாவும் எலுமிச்சையும் வைத்தோம். கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றினோம். முதல் வருஷம் நன்றாகத்தான் தழைத்தது. இரண்டாம் வருஷம் மா இலைகளின் நுனி கருகத் தொடங்கியது. நுனியிலிருந்து ஓரமாகப் பரவி, இலை தீய்ந்த காகிதம் மாதிரி ஆகிவிடும். தண்ணீர் பத்தவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு குடம் சேர்த்து ஊற்றினோம். கருகல் அதிகமானதே ஒழியக் குறையவில்லை.

எங்கள் பேராசிரியர் ஒருவர்தான், "ஏம்ப்பா, தண்ணியைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். இரண்டு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரும் ஒரு பையில் மண்ணும் எடுத்துக்கொண்டு சோதனைக்குக் கொடுத்தோம். மாவுக்கும் எலுமிச்சைக்கும் ஆகவே ஆகாத உப்பு என்று முடிவு வந்தது. கிணற்றுக்குப் பக்கத்து ஓடையில் சாயத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததை நாங்கள் தினமும் பார்த்தவர்கள்தான். ஆனால் ஓடையையும் கிணற்றையும் சேர்த்து யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் நூலில் தங்கிவிடும், உப்பு தங்காது. போட்ட உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லாரும் நிறத்தைப் பற்றியே பேசினோம். நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு உண்டு. உப்பு மிஞ்சிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. செடி தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும். நாங்கள் இரண்டு குடம் சேர்த்து ஊற்றியது, இரண்டு குடம் உப்பைச் சேர்த்து ஊற்றியதுதான்.

சோதனை முடிவையும், எந்தக் குழியில் என்ன வைத்தோம், எது எப்போது கருகியது, எது தாங்கியது என்பதையும் ஒரு நீளமான நோட்டில் எழுதி வைத்தேன். வேம்பும் வேலமும் தாங்கின. மாவும் எலுமிச்சையும் போய்விட்டன.

அதே 1989-இல் அந்தப் பேராசிரியர் ஒரு யோசனை சொன்னார். "மன்றத்தை என்.எஸ்.எஸ். வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துவிடலாம். நீங்கள் போன பிறகும் நடக்கும்" என்றார். நான் எழுந்து எதிர்த்துப் பேசினேன். "நம்ம மன்றம் நம்முதாவே இருக்கட்டும். நாளைக்கு யாரோ ஒருத்தர் வந்து ரோடு கூட்டு, கொடி பிடி என்பார்கள்" என்றேன். கை தட்டினார்கள். வாக்கெடுப்பில் 14 பேர் என் பக்கம், 6 பேர் பேராசிரியர் பக்கம். அன்றைக்கு ரொம்பப் பெருமையாக வீட்டுக்குப் போனேன்.

1990-இல் படிப்பு முடிந்தது. அடுத்த மாதமே ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்துவிட்டேன். பேராசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். நோட்டு என் டிரங்குப் பெட்டியில், பழைய புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது.

1994-இல் என் அக்கா பையனைச் சேர்க்க இந்தக் கல்லூரிக்கு வந்தேன். பழைய ஆசையில் விடுதிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பையன்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போன வருஷம் வைத்த மாங்கன்றுகள். அதே கிணற்றுத் தண்ணீர். அதே மாதிரி நுனி கருகிய இலை. ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "தண்ணி பத்தலைங்கண்ணா. இன்னும் ரெண்டு குடம் சேத்தி ஊத்தலாம்னு இருக்கறோம்."

எனக்கு அந்த இடத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. அவன் கேட்க வேண்டிய பதில் என் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஆனால் அதற்குள் பையன்களுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. அடுத்த வருஷம் மன்றம் நின்றுவிட்டது.

மன்றத்தை யாரும் வெளியிலிருந்து வந்து கெடுக்கவில்லை. கல்லூரி மன்றத்தின் ஆயுள் மூன்று வருஷம். அதில் முதல் வருஷம் கற்றுக்கொள்கிறோம், மூன்றாம் வருஷம் பரீட்சை பார்க்கிறோம், உருப்படியாக வேலை செய்வது நடுவில் உள்ள ஒரே வருஷம். அந்த ஒரு வருஷத்தில் கற்றதை அடுத்தவர் கையில் கொடுக்க ஒரு ஏற்பாடு இல்லையென்றால், எல்லாரும் ஆரம்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த ஏற்பாட்டைத்தான் நான் 14 வாக்குகளால் தோற்கடித்தேன்.

ஏற்பாடு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்துக் கோயம்புத்தூரில் வேளாண் கல்லூரி மாணவர்கள் 1911-இல் சென்னை வேளாண் மாணவர் சங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். 1913-இலிருந்து ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகையை நடத்தினார்கள். வெள்ளைக்காரன் போனான், மாகாணத்தின் பெயர் மாறியது, கல்லூரி 1971-இல் பல்கலைக்கழகமே ஆகிவிட்டது. பத்திரிகை நூறு வருஷத்தைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. அந்தக் காலத்து மாணவர்கள் என்ன கண்டார்கள் என்பதை இன்றைக்கும் எடுத்துப் படிக்கலாம். எழுதி, அச்சடித்து, அடுத்தவர் கைக்குப் போகும்படி வைத்தார்கள். நான் டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

இனி என்.எஸ்.எஸ். பற்றி. காந்தி நூற்றாண்டு வருஷமான 1969-இல், செப்டம்பர் 24-ஆம் தேதி, அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கிவைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள் என்று ஆரம்பித்தது. இன்று உறுப்பினர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் முகாம் உண்டு. ஒவ்வொரு அலகுக்கும் ஒரு திட்ட அலுவலர் இருப்பார், பதிவேடு இருக்கும், கணக்கு இருக்கும். மாணவர் மாறினாலும் அலகு மாறாது. நமக்கு வேண்டியது இதுதான்.

வேளாண் மாணவர்களுக்கென்றே அகில இந்திய அளவில் தனிச் சங்கம் இருக்கிறதே, அதில் சேரலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அது வேளாண் பட்டம் படிக்கிறவர்களின் படிப்பையும் வேலைவாய்ப்பையும் முன்வைத்து நடப்பது. நம்முடையது கலை அறிவியல் கல்லூரி. வணிகவியல் படிக்கிற பெண்ணும் தமிழ் படிக்கிற பையனும்தான் நம் மன்றத்தில் மண்வெட்டி பிடிக்கிறார்கள். அவர்களுக்கு இடம் கொடுப்பது என்.எஸ்.எஸ்.தான்.

அப்படியானால் எதிர்க்கிற நண்பர்கள் சொல்வது தப்பா? இல்லை. அவர்கள் பயத்துக்கும் நியாயம் இருக்கிறது. இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அங்கே பள்ளிகளில் விவசாயம் படிக்கிற பையன்களுக்காக 1928-இல் கன்சாஸ் சிட்டி என்ற ஊரில் அமெரிக்க வருங்கால உழவர்கள் என்ற அமைப்பு உண்டானது. பள்ளிக்கொரு கிளை, மாநிலத்துக்கொரு சங்கம், மேலே தேசிய அமைப்பு. இன்று உலகத்திலேயே பெரிய மாணவர் அமைப்புகளில் அது ஒன்று. அந்தக் காலத்தில் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தனி. அவர்கள் தங்களுக்கென்று புதிய உழவர்கள் என்ற தேசிய அமைப்பை 1935-இல் உருவாக்கிக்கொண்டார்கள். தங்கள் தலைவர்கள், தங்கள் மாநாடு, தங்கள் நிறம் என்று முப்பது வருஷம் நன்றாக நடந்தது. ஐம்பதாயிரம் உறுப்பினர்களுக்கு மேல் சேர்ந்தார்கள்.

பிரிவினைச் சட்டங்கள் ஒழிந்த காலத்தில், 1965-இல், இரண்டு அமைப்புகளும் ஒன்றாயின. ஒன்றானது நியாயம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றான விதம் வேறு. பெரிய அமைப்பின் பெயர் நின்றது, சின்னதன் பெயர் போனது. பெரியதன் நீலச் சட்டை நின்றது, சின்னதன் கறுப்புச் சட்டை போனது. பொறுப்பில் இருந்த கறுப்பின ஆசிரியர்களும் மாணவத் தலைவர்களும் புதிய ஏற்பாட்டில் பழைய இடத்தைப் பெறவில்லை. கறுப்பினப் பிள்ளைகள் பெருமளவில் விலகிப்போனார்கள். சேர்ந்துகொண்டதாக ஏட்டில் இருந்தது, சேர்ந்தவர்களைக் காணோம். அதே அமைப்பில் தேசிய அளவில் பெண்களுக்கு உறுப்பினர் உரிமை கிடைத்ததும் 1969-இல்தான். இன்று நம் மன்றத்தின் செயலாளர் ஒரு பெண். மேலிடத்து விதியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் கீழே யாருக்கு வலிக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சேர வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் நிபந்தனை பேசித்தான் சேர வேண்டும். பெண் கொடுக்கிற வீட்டில்கூட முதலில் பேச வேண்டியதைப் பேசிவிட்டுத்தானே வெற்றிலை மாற்றுகிறோம்? ஒரே ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதிக் கல்லூரியோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

முதலாவது, மன்றத்தின் பெயரும் அரை ஏக்கர் நிலமும் மன்றத்துக்கே இருக்கட்டும். என்.எஸ்.எஸ். அலகின் வேலைகளில் ஒன்றாக மன்றம் நடக்கட்டும்.

இரண்டாவது, முன்னாள் மாணவர்கள் கொடுக்கும் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. பேராசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் என்று இரண்டு கையெழுத்து.

மூன்றாவது, மன்றப் பதிவேடு ஒன்று கல்லூரி நூலகத்தில் எப்போதும் இருக்க வேண்டும். யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. எதற்காகச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நான்காவது, வருஷத்துக்கு ஒரு வேலையாவது மன்றமே முடிவு செய்வதாக இருக்கட்டும். சுற்றறிக்கையில் வரும் வேலையையும் செய்வோம், நம் வேலையையும் விடமாட்டோம்.

ஐந்தாவது, இரண்டு வருஷம் கழித்து உறுப்பினர்கள் கூடி, தொடரலாமா வேண்டாமா என்று வாக்கெடுக்க வேண்டும்.

நம் வேலை என்று சொன்னேனே, அது என்ன என்பதைத் தங்கைகளும் தம்பிகளும் எனக்கு நேற்றுக் காட்டினார்கள். தங்கள் ஊர்களில் 31 கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு தடவை தண்ணீரின் உப்பை ஒரு சின்னக் கருவியால் அளந்து எழுதி வருகிறார்கள். பார்ப்பதற்கு வெறும் எண்கள். ஆனால் இந்த ஊரின் கதை முழுக்க அந்த எண்களில்தான் இருக்கிறது.

நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. சில வருஷத்திலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகி, அணைத் தண்ணீரே வேண்டாம் என்று கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். அணை கட்டிய தண்ணீரை வேண்டாம் என்று விவசாயி சொல்வதை வேறெங்கே கேட்டிருக்கிறோம்? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த மாதங்களில் நான் வேலை பார்த்த கம்பெனியில் துணி வராமல் டேபிள்கள் சும்மா கிடந்தன. வாரச் சம்பளம் இல்லாமல் ஊருக்குப் போன தொழிலாளிகளை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பிறகு கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறிப் பட்டறைகள் திறந்தன. அதற்குக் கோடிக்கணக்கில் செலவானது. இரண்டு பக்கமும் நம் ஆட்கள்தான். கெட்ட கிணறும் நம்முது, மூடிய பட்டறையும் நம்முது.

கிணறுகள் தேறுகின்றனவா, எந்த ஊரில் தேறுகிறது, எந்த ஊரில் இல்லை, மழை வருஷத்தில் எவ்வளவு குறைகிறது என்று வாயால் சண்டை போடலாம். பத்து வருஷம் தொடர்ந்து எழுதிய நோட்டு இருந்தால் சண்டைக்கு வேலை இல்லை. மூன்று வருஷ ஆயுள் உள்ள மன்றத்தால் தனியாக அதைச் செய்ய முடியாது. அலகோடு சேர்ந்தால் முடியும்.

கடைசியாகப் பணம். இதில் நம் சங்கத்துக்குத்தான் வேலை. நம் மாணவர்களில் நிறையப் பேர் காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் கம்பெனி. கைமடிக்கிறார்கள், செக்கிங் பார்க்கிறார்கள், பீஸ் கட்டுகிறார்கள். சனிக்கிழமைச் சம்பளம் வீட்டுக்குப் போனால்தான் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியும். அந்தப் பையனிடம் ஏழு நாள் முகாமுக்கு வா என்றால், ஒரு வாரச் சம்பளத்தை விட்டுவிட்டு வா என்று அர்த்தம். வரமாட்டான். வசதியுள்ள பிள்ளைகள் மட்டும் முகாமுக்குப் போவார்கள், சான்றிதழ் அவர்களுக்கு, குழி வெட்டின பையனுக்கு ஒன்றுமில்லை. நான் சொன்ன அமெரிக்கக் கதை நம் கல்லூரியிலேயே நடந்துவிடும்.

ஆகவே நான் சங்கத்துக்கு வைக்கும் கோரிக்கை ஒன்றே ஒன்று. கம்பெனிக்குப் போகும் மன்ற உறுப்பினர்களுக்கு, முகாம் நடக்கும் அந்த ஒரு வாரச் சம்பளத்தை முன்னாள் மாணவர் சங்கம் கொடுக்க வேண்டும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் கம்பெனி நடத்துகிறவர்கள் பலர். உங்கள் கம்பெனிப் பையன் முகாமுக்குப் போனால் அந்த வாரம் லீவு போடாமல் சம்பளம் போட்டுவிடுங்கள், சங்கத்திடம் கேட்கக்கூட வேண்டாம். முதல் வருஷம் பத்துப் பேருக்கு ஆகும் பணத்தை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். 1989-இல் நான் வைத்த பாக்கி அது.

அப்புறம், இதோ அந்த நோட்டு. 1994-இல் கொடுத்தது மன்றம் நின்ற பிறகு என்னிடமே திரும்பி வந்துவிட்டது. அட்டை கிழிந்திருக்கிறது, இரண்டு பக்கத்தைக் கரையான் தின்றிருக்கிறது. எந்த மரம் தாங்கியது என்ற பக்கம் நன்றாகவே இருக்கிறது. மன்றச் செயலாளர் மேடைக்கு வந்து இதை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கி நேராக நூலகத்தில் கொண்டுபோய் வையம்மா. உன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடாதே.

சாப்பாடு ஆறிவிடும் என்று செயலாளர் மணியைப் பார்க்கிறார்.